மல்லிகாவுக்கு நான் எழுதாத பதில்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்பிள்ளைகள் ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தைத் தேடி வந்தார்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள். கையில் பிஸ்கட் பெட்டியும் என் மகளுக்கு ஒரு பொம்மையும் கொண்டு வந்திருந்தார்கள். வாசல் இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன்.

"அக்கா, இப்ப கம்பியூட்டரே குவெஸ்ட் எழுதித் தருது. ஒரு காலையில முப்பது எழுதுது. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, உசிரே இல்ல. விளையாடுறவங்க இன்னும் உங்க சுவர் குவெஸ்டத்தான் கேக்குறாங்க. அத எப்படி எழுதினீங்க? அப்புறம் ஏன் எடுத்துட்டாங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஞாபகம் இல்லடா" என்றேன்.

அது பொய். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு என்னையே சமாதானம் செய்து பார்த்தேன். கதவு மூடியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு போனது மனதை உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஓய்வு பெற்றவள் மாதிரி அனுபவம் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு இனி நான் திரும்பப் போவதில்லை.

'ஏழாம் நம்பர் மலை' என்பது படமே இல்லாத விளையாட்டு. போன் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். 'நீங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன் நிற்கிறீர்கள். தூறல் விழுகிறது. வடக்கே லயம்' என்று வரும். 'வடக்கே போ' என்று தட்டினால் லயத்துக்குப் போவீர்கள். அதே நேரம் கொழும்பில் கடையில் நிற்கும் ஒரு பையனும், டுபாயில் இருக்கும் ஒரு பெண்ணும் அதே லயத்தில் நிற்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசலாம், சேர்ந்து போகலாம். பழைய போனிலும் ஓடும், சிக்னல் ஒரு கோடு இருந்தால் போதும். தோட்டத்தை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகள்தான் அதிகம் விளையாடினார்கள். அந்த உலகத்தில் யாராவது ஒருவர் உங்களிடம் ஒரு காரியம் கேட்பார். அதைச் செய்து முடித்தால் புள்ளி கிடைக்கும். அந்தக் காரியத்தைத்தான் குவெஸ்ட் என்போம். அதை எழுதுவதுதான் என் வேலை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளியில் உயர்தரம் வரை படித்தேன், ஹட்டனில் ஒரு கணினி வகுப்புக்குப் போனேன். தமிழில் வேகமாகத் தட்டுவேன் என்பதற்காக எடுத்தார்கள். முதல் ஆறு மாதம் மற்றவர்களின் எழுத்துப் பிழையைத் திருத்தினேன்.

அலுவலகம் ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஐந்து பேர். எங்கள் தலைவர் இம்தியாஸ் சேர். அந்தத் துணிக்கடையும் அவருடைய குடும்பத்துக்குத்தான் சொந்தம். துணி வாங்க வந்த ஆள் வாங்காமல் போனால், வாசல் வரை பின்னால் போய் "என்ன பிடிக்கல்ல, சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுப் பழகியவர். அந்தப் பழக்கத்தைத்தான் விளையாட்டுக்கும் கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் நாங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, போன வாரம் யார் எந்த இடத்தில் விளையாட்டை விட்டுப் போனார்கள் என்ற பதிவை வரி வரியாக வாசிப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே கேட்பார். "இங்க ஒருத்தர் போய்ட்டார். ஏன் போனார்?" நாங்கள் காரணம் சொல்லும் வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

குவெஸ்ட் எழுத அவர் ஒரு முறை வைத்திருந்தார். நேரடியாகக் கணினியில் எழுதக் கூடாது. முதலில் சீ.ஆர். கொப்பியில் கையால் எழுத வேண்டும். இடது பக்கத்தில் யார் கேட்கிறார், என்ன கேட்கிறார். அதற்குக் கீழே, அவரே ஏன் அதைச் செய்யவில்லை. இந்தக் கேள்வியில்தான் பாதிக் குவெஸ்ட் விழுந்துவிடும். "கங்காணிக்குக் குடை வேணும்னா கங்காணி போய் எடுக்கட்டுமே புள்ள. அவருக்குக் கால் இல்லியா?" என்பார். பக்கத்தின் மேல் ஓரத்தில் 'எங்கிருந்து' என்று ஒரு கட்டம். இந்தக் கதை எங்கிருந்து வந்தது, யாராவது சொன்னதா, எங்கேயாவது நடந்ததா, கற்பனையா என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எழுதி முடித்த பிறகு அவரே உட்கார்ந்து விளையாடுவார். ஒற்றை விரலால் தட்டுவார். ஒழுங்காக விளையாட மாட்டார். "நான் இப்ப ஊர்ல உள்ள பெரிய மடையன்" என்று சொல்லிவிட்டு 'கங்காணியைக் கடி' என்று தட்டுவார். 'புரியவில்லை' என்று திரையில் வந்தால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"கடிச்சா ஒண்ணும் நடக்காத ஊர் எங்க ஈக்குது புள்ள?"

நான் போய் 'கங்காணியின் கோட்டு கசக்கிறது. அவர் உங்களை முறைக்கிறார்' என்று எழுதுவேன். அதை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் நிறைய எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மகள் பிறந்து எட்டாம் மாதம் திரும்பவும் வேலைக்குப் போனேன். என் கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதனால் பகலில் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட முடிந்தது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் சரோஜா அக்கா. சரோஜா அவருடைய உண்மைப் பெயர் இல்லை. எங்களுக்கு அடுத்த வீடு. பிள்ளைக்காம்பரா மூடிய பிறகும், நான் ஹட்டனிலிருந்து வந்து சேரும் வரை, என் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வார். நான் பஸ்ஸில் இருந்து மூன்று தடவை போன் எடுப்பேன். பால் குடித்தாளா, தொப்பி போட்டிருக்கிறீர்களா, இருமினாளா. அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. "ஆத்தாடி, நீ பெத்தது பிள்ளையா கண்ணாடி கிளாஸா தங்கச்சி? நல்லாத்தான் இருக்கா, நீ மெதுவா வா" என்பார்.

அவருடைய கணவர் நான்கு வருடத்துக்கு முன் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனவர். பிள்ளைகள் இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்குக் கணவர் கொழும்பிலிருந்து போன் எடுப்பார் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழ உயரத்துக்கு வெறும் இடைவெளி. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அதனால் சரோஜா அக்கா பேசுவது எல்லோருக்கும் கேட்கும். "சாப்டீங்களா? இங்க விடாம மழ. நீங்க தண்ணியில நிக்காதீங்க, சளி புடிக்கும்." பெண்கள் பொறாமையோடு சொல்வார்கள், "புருஷன்னா அவ புருஷன். நாள் தவறாது."

வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமையே பதிவில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. என்னுடைய பழைய குவெஸ்ட் அது. பத்துக் கிலோ கொழுந்து பறித்து மடுவத்தில் நிறுக்க வேண்டும். ஆறாவது கிலோவில் ஆட்கள் கூட்டமாக விட்டுப் போயிருந்தார்கள்.

இம்தியாஸ் சேர் கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம ஆக்கள் பகல் முழுக்க இதத்தானே செய்றாங்க. வேலை முடிஞ்சு வந்து போன்லயும் கொழுந்து பறிக்கணுமா புள்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிள்ளை பெற்று வந்தவளுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்று வீடு வரும் வரை யோசித்தேன். யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். நான்தான் அப்படி நினைத்தேன்.

"மூட்டை தூக்குற வேலை வாணாம். ஒரு விஷயத்தக் கண்டுபிடிக்கிற வேலை எழுதுங்க. கண்டுபிடிச்ச பிறகு என்ன செய்றதுன்னு அவங்க தலைய சொறியணும்" என்றார் சேர்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன். சரோஜா அக்காவின் வீட்டில் பிளக் எரிந்து போயிருந்ததால், மத்தியானம் தன் போனைக் கொண்டு வந்து எங்கள் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனார். பின்மூடி கழன்று விழாமல் இருக்கச் சிவப்பு உல்லன் நூலால் சுற்றிக் கட்டிய போன். ஆறு மணிக்கு நான் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"சாப்டீங்களா? இன்னிக்கு போயாதானே, லீவு இல்லியா?"

நான் மேசையைப் பார்த்தேன். சிவப்பு நூல் கட்டிய போன் அங்கேயே இருந்தது. அவரிடம் வேறு போன் இல்லை.

அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ பாவம் என்று தோன்றியிருக்கலாம். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். போனைக் கொண்டு போய்க் கொடுக்காமல், பார்க்காதது போல இருந்திருக்கலாம். இந்த மூன்றாவதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையில் எனக்கு முதலில் தோன்றியது, 'குவெஸ்ட் கிடைத்துவிட்டது' என்பதுதான். பிள்ளைக்கு வாயில் சோற்றை வைத்துக்கொண்டே மனதுக்குள் இடது பக்கத்தை எழுதத் தொடங்கியிருந்தேன்.

கொப்பியில் எழுதும்போது எல்லாவற்றையும் மாற்றினேன். பிள்ளைக்காம்பரா ஆயாவைக் கொழுந்து பறிப்பவளாக்கினேன். பெயர் மல்லிகா. ஊரை இறம்பொடைப் பக்கம் தள்ளி வைத்தேன். கங்காணி உங்களிடம் கேட்பார், 'மல்லிகா ஏன் யாரோடும் ஒட்டுவதில்லை, பார்த்து வா.' நீங்கள் லயத்துக்குப் போவீர்கள். ஆறு மணிக்கு 'சுவரில் கேள்' என்று தட்டினால் அவள் கணவனோடு பேசும் சத்தம் வரும். அடுத்த வீட்டுக்குள் போய் 'மேசையைப் பார்' என்று தட்டினால் அங்கே அவளுடைய போன் சார்ஜில் இருக்கும். அவ்வளவுதான். யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாம் வரிசையில் நிற்கும்போது, கங்காணி உங்களிடம் கேட்பார், 'என்ன தெரிந்துகொண்டாய்?'

சிவப்பு நூலை மட்டும் மாற்றவில்லை. போன் அவளுடையதுதான் என்று விளையாடுகிறவருக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். வேறு அடையாளம் யோசித்தேன், ஒன்றும் அவ்வளவு நன்றாக வரவில்லை. 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் 'கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இம்தியாஸ் சேர் விளையாடினார். மேசையில் போன் இருக்கும் வரி வந்ததும் அவருடைய விரல் அப்படியே நின்றது. கடிக்கவில்லை, உதைக்கவில்லை, ஒரு குறும்பும் செய்யவில்லை. 

"இதில உசிர் ஈக்குது புள்ள" என்றார். பிறகு, "யார் இந்தப் பொம்பள?"

"கற்பனை சேர்."

அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். பெரட்டில் ஒன்றுமே தட்டாமல் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"சொல்லாம வாய மூடிட்டுப் போறவனுக்கு என்ன கிடைக்குது?"

"ஒண்ணும் இல்ல சேர். ஏதாவது தட்டினாத்தானே கணினிக்குத் தெரியும். சும்மா இருக்குறத எப்படிக் கணக்கெடுக்குறது?"

"அப்ப எல்லாரும் சொல்லிடுவாங்களே."

"அது அவங்க இஷ்டம்தானே சேர்."

திரும்பப் போய் 'பேசு மல்லிகா' என்று தட்டினார். 'மல்லிகா பதில் சொல்லவில்லை' என்று வந்தது. ஒரு பாத்திரத்துக்கு நாங்கள் எதுவும் எழுதாவிட்டால் தானாக வருகிற வரி அது.

"இவளுக்கு நாலு பதில் எழுதுங்க. அப்புறம் வெளிய விடுவோம்."

"சரி சேர்" என்றேன். அன்று மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அரை நாள் லீவு எடுத்தேன். அடுத்த நாள் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சேர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை குவெஸ்ட் வெளியே போனது. பிள்ளையின் காய்ச்சலைக் காரணமாகச் சொல்கிறேன். காய்ச்சல் ஒரே நாளில் விட்டுவிட்டது.

நான் எழுதிய எதையும் அவ்வளவு பேர் விளையாடியதில்லை. திங்கட்கிழமைப் பதிவில் ஓர் இடத்திலும் ஆட்கள் கூட்டமாக விட்டுப் போகவில்லை. சேர் வாசித்துக்கொண்டே போனார், கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. ஆனால் அந்தப் பதிவில் இன்னொன்றும் இருந்தது. பெரட்டில் வாயைத் திறக்காமல் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்ற எல்லோரும், வரிசையில் அவ்வளவு பேர் நிற்கும்போது, 'மல்லிகாவின் போனில் யாரும் இல்லை' என்று சொல்லிப் புள்ளியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சிலர் 'சிரி' என்றும் தட்டியிருந்தார்கள். நான் அந்த வரிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு ஈடுபாடு என்று.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த மேல் லயத்துப் பெண் ஒருத்தி, கொழும்பில் கடையில் வேலை செய்பவள், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது இந்தக் குவெஸ்டைப் பற்றி மற்றப் பெண்களுக்குச் சொன்னாள். இது யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியாது. நான் ஹட்டனில் 'டைப் வேலை' செய்கிறேன் என்றுதான் தோட்டத்தில் நினைத்திருந்தார்கள். நானும் வாளியோடு அங்கே நின்றேன்.

"போன் பாட்டுக்கு அடுத்த வீட்டுல கெடக்கு, அவ இங்க தனியா பேசிக்கிட்டு இருக்கா!" என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "போன்ல செவப்பு நூலு வேற சுத்தியிருக்குமாம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். பிறகு முன்னை விடப் பெரிதாகச் சிரித்தார்கள். "அடி ஆத்தி! நம்ம ஆயாவா?" நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம்.

இப்போது இதை எழுதப் போகிறேன் என்று சரோஜா அக்காவிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னார். அதோடு, "பீலியில நீயும் நின்னு சிரிச்சியாமே, அத விட்டுடாம எழுது" என்றார். அதனால் எழுதினேன்.

பீலியில் சிரித்ததற்கு அடுத்த நாள் காலை, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்ட பெண்களில் ஒருத்தி வாசலில் நின்று கேட்டாள், "ஆயாம்மா, போன்ல சார்ஜ் இருக்கா?" சரோஜா அக்கா, "இருக்கே, யாருக்கு எடுக்கணும்?" என்று மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அவர்கள் சிரித்துக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். அவருக்குப் புரியவில்லை. ஒரு வாரத்தில் யாரோ புரிய வைத்துவிட்டார்கள். அந்த வாரத்திலிருந்து ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. நான் அடுப்பின் முன் உட்கார்ந்து அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவரோ ஒன்றும் நடக்காதது போல என் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு என் கையில் தருவார். தன் கதையை எழுதியவளின் பிள்ளை அது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போக விட்டு, மூன்றாவது ஞாயிறு மத்தியானம் போய்ச் சொன்னேன். பிள்ளைக்காம்பரா பிள்ளைகளுக்காகப் பழைய சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கிழிப்பதை நிறுத்தவில்லை.

"எங்க, காட்டு" என்றார்.

போனில் திறந்து, அவருக்கு வாசித்துக் காட்டினேன். மல்லிகாவின் வீட்டு வாசலுக்கு வந்ததும் கையை உயர்த்தினார்.

"அவளக் கூப்பிடு."

'பேசு மல்லிகா' என்று தட்டினேன். 'மல்லிகா பதில் சொல்லவில்லை.'

"திரும்பக் கூப்பிடு."

அதே வரி.

"சாப்டியான்னு கேளு."

அதே வரி.

"என்னா கேட்டாலும் இதானா?"

"ஆமாக்கா."

"அவகிட்ட ஒருத்தனும் பேச முடியாது. அவளப் பத்தி மட்டும் எல்லாரும் பேசலாம். நல்லாருக்கு தங்கச்சி."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கிழித்த துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அந்த ஆளு போன மொத மாசமே தெரிஞ்சுபோச்சு, இனி வரமாட்டாருன்னு. நான் புருஷன் மேல உள்ள ஆசையில தனியா பொலம்பினேன்னு நெனச்சியா? ஆறு மணிக்கு ஒரு ஆம்பளகிட்ட பேசுற சத்தம் கேட்டா, இந்த லயத்துல ஒருத்தன் எங் கதவத் தட்ட மாட்டான். நாலு வருஷமா ஒருத்தனும் தட்டல. முந்தாநேத்து ஒருத்தன் வந்து தீப்பெட்டி இருக்கான்னு கேக்குறான். நாலு வருஷமா எவனுக்கும் தீப்பெட்டி தேவப்படல."

நான் அதை ஒரு தனிமையின் கதை என்று நினைத்திருந்தேன். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அவ்வளவு கேட்டும், எனக்கு அவ்வளவுதான் விளங்கியிருந்தது.

"முன்னாடியே எங்கிட்ட கேட்டிருந்தா, அவளுக்கு நல்ல பதிலா நாலு நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

"என்ன சொல்லியிருப்பீங்கக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதையும் எழுதப் போறியா?"

திங்கட்கிழமை இம்தியாஸ் சேரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அலுமாரியிலிருந்து என் கொப்பியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, 'கற்பனை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று காலையே குவெஸ்டை எடுத்துவிட்டார். பிறகு, "அவங்க சம்மதிச்சா, அந்தப் பொம்பளைக்கு ஒரு வாய் குடுத்து, நூலையும் எடுத்துட்டு, திருத்திப் போடலாமா? நீங்களே எழுதிப் பாருங்க" என்றார். மூன்று நாள் கொப்பியின் முன் உட்கார்ந்தேன். 'மல்லிகா:' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுத முடியவில்லை. கங்காணியின் கோட்டுக்கு ருசி எழுதத் தெரிந்த எனக்கு, அவளுக்கு ஒரு பதில் வரவில்லை.

அந்த வாரமே சரோஜா அக்கா, "பிள்ளைக்காம்பரா மூடுற வரைக்கும்தான் தங்கச்சி. அதுக்குப் பொறகு என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. மாலையில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாததால் வேலையை விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய் இல்லை. என் கணவரும் இன்று வரை அதையே சொல்கிறார்.

அதற்கு அடுத்த வாரம், வேலையில் என் கடைசி நாட்களில், காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றோம். மறுபடியும் யாரோ ஒருத்தி, "ஆயாம்மா, சார்ஜ்..." என்று தொடங்கினாள். சரோஜா அக்கா இடுப்பில் இருந்த பிள்ளையைக் கீழே இறக்கி விட்டார்.

"ஆமாடி. எம் புருஷன் ஓடிப்போயி நாலு வருஷமாச்சு. போன்ல யாரும் இல்ல. கேட்டுக்கிட்டீங்களா? எங்கிட்ட தீப்பெட்டி கேட்டு வந்தவனோட பொண்டாட்டியும் இங்கதான் பிள்ளையோட நிக்கிறா. பேரச் சொல்லவா, வேணாமா?"

சார்ஜ் கேட்டவள் பின்னால் நகர்ந்தாள். "அப்ப மலைக்குப் போங்க, நேரமாச்சு" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கையில் வாங்கிக்கொண்டார். என் மகளையும் வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளே, கணினி எழுதும் குவெஸ்டில் உயிர் இல்லை என்றீர்கள். இருக்காதுதான். நான் எழுதியதில் இருந்தது. அது என்னுடையது இல்லை. 'எங்கிருந்து' என்ற கட்டம் இன்னும் கொப்பியில் இருந்தால் அதில் உண்மையை எழுதுங்கள். வாயை மூடிக்கொண்டு போகிறவனுக்கும் புள்ளி கொடுக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதுவும் சரியா என்று தெரியவில்லை.

பிள்ளைக்காம்பரா வாசலில் அப்படிப் பேசிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை சரோஜா அக்கா எங்கிருந்தோ பழைய பெட்டிப் பலகைகள் கொண்டு வந்து, என் கணவரைக் கூப்பிட்டார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்க வேண்டும் என்றார். என் கணவர் மேசை மேல் ஏறி நின்று அளந்து பார்த்தார்.

"அடைச்சுட்டா, ஏதாவது ஒண்ணுன்னு நீங்க சத்தம் போட்டாக்கூட எங்களுக்குக் கேக்காதே அக்கா?"

"கேட்டது போதும் தம்பி" என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை.

அவர் ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் அடித்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.